மாமாவோடு டஸ்கீகி: பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊரை எப்படிப் பார்ப்பது

அலபாமாவில் ஆபர்ன் பக்கம் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அட்லாண்டாவுக்குக் கூட்டிப் போவோம். மீன் பார்ப்போம், கோகோ கோலா குடிப்போம், திரும்பி வரும்போது ஒரு கடையில் சாக்லேட்டு மூட்டை வாங்குவோம். வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் டஸ்கீகி என்று ஓர் ஊர் இருப்பது பலகையில் தெரியும், அவ்வளவுதான். மூன்றாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று விசாரிக்காமல் போனது என் தப்பு. எல்லாக் கதவும் பூட்டு. பின்சீட்டில் பையன் அழுகை. ஒரு சிலையைப் பார்த்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அதற்கப்புறம் எட்டுத் தடவை போயிருக்கிறேன். கடைசியாகப் போனது கோவில்பட்டியிலிருந்து வந்த என் மாமனாரோடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதைக் காட்டினாலும் மூன்று கேள்வி கேட்பார். அவரோடு போன பிறகுதான் இந்த ஊரை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எனக்கே பிடிபட்டது. அட்லாண்டா, மான்ட்கமரி, பர்மிங்ஹாம் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

கிளம்பும் முன்

ஐ-85 நெடுஞ்சாலையில் 38-ஆவது வெளிவழி. மான்ட்கமரியிலிருந்து 40 மைல் இருக்கும். அட்லாண்டாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. ஜார்ஜியா எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்கெல்லாம் வந்து நிற்கலாம். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரத்தை வட்டியில்லாமல் திருப்பிக் கட்ட வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தேசியப் பூங்காத் துறை நடத்தும் இடங்கள் இரண்டு, இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் நாளும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். முதல் நாள் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். 'தி ஓக்ஸ்' என்ற வீட்டை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா என்று தனியாகக் கேளுங்கள்.

சாப்பாடு கையோடு கொண்டுபோவது நல்லது. நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். சைவம் சாப்பிடுகிறவர்கள் கீரைதானே என்று காலர்ட் கீரையை நம்பி வாங்கிவிட வேண்டாம். இந்தப் பக்கத்தில் பன்றி எலும்பு போட்டுத்தான் பெரும்பாலும் வேகவைப்பார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

முந்தின நாள் ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். டஸ்கீகியோடு சேர்த்துச் சொல்லப்படும் பிரபலங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். புக்கர் டி. வாஷிங்டன், ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், ரோசா பார்க்ஸ், லயனல் ரிச்சி, ரால்ஃப் எலிசன், ஆலிஸ் கோச்மன், டஸ்கீகி விமானப் படையினர் (இரண்டாம் உலகப் போரில் பறந்த கறுப்பின விமானிகள்). எல்லாரையும் ஒரே பட்டியலில் போட்டால் ஒன்றும் விளங்காது. தாளை நாலாக மடித்துக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே பிறந்து வெளியே போனவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வெளியிலிருந்து வந்து இங்கேயே மண்ணானவர், படிக்க வந்து போனவர்.

பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் முதல் கட்டம். 1913 பிப்ரவரி 4 அன்று இங்கே பிறந்தார், அப்பா தச்சர், அம்மா பள்ளி ஆசிரியை. சின்ன வயதிலேயே குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. பாடகர் லயனல் ரிச்சி 1949-இல் இங்கே பிறந்து, பல்கலைக்கழக வளாகத்து ஓரத்திலேயே வளர்ந்து, இங்கேயே பட்டம் வாங்கியவர். கமடோர்ஸ் இசைக்குழு 1968-இல் இந்த வளாகத்து மாணவர்கள் சேர்ந்து உருவாக்கியதுதான். 1948 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற ஆலிஸ் கோச்மன் படிக்க வந்தவர். தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். எலிசன் 1933-இல் டிரம்பட் வாசிக்கப் படிக்க வந்து, மூன்று வருஷத்தில் பட்டம் வாங்காமலே நியூயார்க் போய், நாவலாசிரியர் ஆனார்.

மூன்றாவது கட்டம்தான் கனமானது. இந்தப் பல்கலைக்கழகத்தைப் பள்ளிக்கூடமாகத் தொடங்கி வைத்த வாஷிங்டன் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர், வேளாண் விஞ்ஞானி கார்வர் மிசூரியில். இரண்டு பேருமே இந்த ஊருக்கு வந்தவர்கள், இந்த ஊரில்தான் புதைக்கப்பட்டார்கள். மாமா என் தாளைப் பார்த்துவிட்டு, "அப்போ உள்ளூர்க்காரன் யாருமே இல்லையா தாயி? இவுகளைக் கூட்டிட்டு வந்தது யாரு?" என்றார். பட்டியலில் விடுபட்டவர்களுக்கு ஐந்தாவது கட்டம் ஒன்று போட வேண்டியிருந்தது. அதில் முதல் பெயர் லூயிஸ் ஆடம்ஸ். அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

விமான அருங்காட்சியகத்தில் ஆரம்பிக்காதீர்கள்

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் பக்கத்திலேயே விமானக் கொட்டகை வந்துவிடும். பெரும்பாலோர் அங்கே போய்விட்டு அப்படியே மறுபடி நெடுஞ்சாலை ஏறிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கும் விமானம் பிடிக்கும். நானே இரண்டு தடவை அப்படித்தான் செய்தேன். ஆனால் அந்தக் கொட்டகை ஏன் இந்த ஊரில் வந்தது என்பது ஊருக்குள் போனால்தான் தெரியும். அதனால் நேராக ஊர் நடுவே இருக்கும் சதுக்கத்துக்குப் போங்கள், விமானத்தைக் கடைசிக்கு வையுங்கள்.

சதுக்கம் என்றால் நம்மூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நாலு வீதி இருக்குமே, அந்த அமைப்பு. நடுவில் புல்வெளி, சுற்றிலும் கடைகள், ஒரு பக்கம் மேக்கன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கோர்ட் கட்டடம். இந்த நிலம் கிரீக் பழங்குடியினருடையது. ஊரின் பெயரே அவர்களுடைய ஒரு குடியிருப்பின் பெயரிலிருந்து வந்தது. 1832 ஒப்பந்தத்தில் அவர்கள் நிலத்தை இழந்தார்கள், அடுத்த வருஷமே இங்கே ஊர் வைத்தார்கள். பருத்தி வந்தது, பருத்தியோடு அடிமைகள் வந்தார்கள்.

புல்வெளியில் ஒரு கான்ஃபெடரேட் சிப்பாய் சிலை நிற்கும். அடிமை முறையைக் காப்பாற்றப் போர் செய்த தென்மாநிலப் படையின் சிலை. 2020 கணக்குப்படி இந்த ஊரின் மக்கள்தொகை 9,395, அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கறுப்பினத்தவர். அப்புறம் ஏன் அந்தச் சிலை? 1906-இல் கவுண்டி நிர்வாகம் அந்த நிலத்தையே கான்ஃபெடரேட் வீரர்களின் வாரிசுப் பெண்கள் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. ஊர் நடுவில் இருக்கும் புல்வெளி யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கு பல வருஷமாக இழுத்தது. நான் கடைசியாகப் போனபோதும் சிலை நின்றுகொண்டுதான் இருந்தது.

இந்தச் சதுக்கத்தில் ஒரு காரியம் செய்து பாருங்கள். பேனாவும் தாளும் எடுங்கள். நான் காரில் கிடந்த பெட்ரோல் ரசீதின் பின்பக்கத்தில் வரைந்தேன். ஒரு சதுரம் போடுங்கள். 1957 வரை டஸ்கீகி நகர எல்லை அப்படித்தான் இருந்தது. அந்த வருஷம் அலபாமா சட்டமன்றம் 140-ஆவது எண்ணிட்ட சட்டம் ஒன்றைப் போட்டு எல்லையை மாற்றியது. இப்போது அந்தச் சதுரத்துக்குள்ளேயே, வெள்ளையர் வீடுகளை மட்டும் வளைத்து, கறுப்பினத்தவர் தெருக்களை விட்டு விலகி விலகி ஒரு கோடு இழுங்கள். முடிக்கும்போது 28 பக்கங்கள் வரும். நகரத்துக்குள் இருந்த சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர்தான் உள்ளே மிஞ்சினார்கள். வெள்ளை வாக்காளர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. பல்கலைக்கழகமே நகரத்துக்கு வெளியே போய்விட்டது.

மாமா அந்த ரசீதை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "வார்டு பிரிக்கிறதுன்னா என்னன்னு எனக்கும் தெரியும். ஆனா இது கொஞ்சம் அதிகம்தான்" என்றார்.

அந்த ஜூன் மாதமே ஊர் பதில் சொல்லத் தொடங்கியது. சமூகவியல் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் தலைமையில் இருந்த குடிமக்கள் சங்கம், இந்தச் சதுக்கத்துக் கடைகளில் இனி எதுவும் வாங்க மாட்டோம் என்று முடிவெடுத்தது. நின்று பார்த்தால் அது எவ்வளவு பெரிய அடி என்று தெரியும். சுற்றியிருக்கும் கடைகளுக்கு வாடிக்கையாளரே அவர்கள்தான். பல கடைகளை இழுத்து மூடினார்கள். இன்னொரு பக்கம் வழக்கு. ஃப்ரெட் கிரே என்ற இளம் வக்கீல் அந்த 28 பக்க வரைபடத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். மான்ட்கமரியில் ரோசா பார்க்ஸுக்காக வாதாடியவரும் அவரே, அப்போது அவருக்கு வயது 24. 1960 நவம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது, ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அந்த எல்லை செல்லாது என்ற பக்கம் நின்றார்கள். புக்கர் டி. வாஷிங்டன் இறந்ததும் ஒரு நவம்பர் 14-தான், சரியாக 45 வருஷம் முன்பு, 1915-இல்.

சதுக்கத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சவுத் எல்ம் தெருவில், ஃப்ரெட் கிரே முன்னின்று தொடங்கிய வரலாற்று மையம் இருக்கிறது. கிரீக் மக்கள், வெள்ளையர், கறுப்பினத்தவர் மூன்று தரப்பின் கதையும் ஒரே கூரைக்குள் இருக்கும். மூடியிருந்தால் வருந்த வேண்டாம், அந்த ரசீது கையில் இருந்தால் பாதிக் கதை உங்களிடம் இருக்கிறது.

கிளம்புமுன் இன்னொரு பெயரையும் ஐந்தாவது கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: சாமி யங். டஸ்கீகி மாணவர், கடற்படையில் இருந்தவர், வயது 21. 1966 ஜனவரி 3 ராத்திரி, ஒரு பெட்ரோல் பங்கில் வெள்ளையர் கழிப்பறையைப் பயன்படுத்துவது பற்றி எழுந்த தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் அந்த டிசம்பரில் விடுதலையானார். அன்று மாணவர்கள் கோபத்தோடு வந்து நின்றது இதே சதுக்கத்தில்தான், பெயின்ட் அடித்தது இதே சிலை மேல்தான். அதற்கு ஒரு மாதம் முன்பு இதே கவுண்டி, லூசியஸ் ஏமர்சன் என்ற கறுப்பினத்தவரை ஷெரீப்பாக, அதாவது கவுண்டிப் போலீஸ் தலைவராக, தேர்ந்தெடுத்திருந்தது. பக்கத்துப் பக்கத்து மாதங்கள்.

வளாகம்: செங்கல்லிலிருந்து ஆரம்பியுங்கள்

சதுக்கத்திலிருந்து பல்கலைக்கழகம் ஒரு மைல் தூரம்தான். போகும் வழியில் லூயிஸ் ஆடம்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அடிமையாகப் பிறந்தவர். தகர வேலை, செருப்பு, குதிரைச் சேணம் மூன்றும் தெரிந்த கைவினைஞர். 1880 தேர்தலில் ஒரு வெள்ளை வேட்பாளர் வந்து, கறுப்பினத்தவர் ஓட்டை வாங்கித் தர முடியுமா, பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆடம்ஸ் பணம் கேட்கவில்லை, பள்ளிக்கூடம் கேட்டார். வேட்பாளர் ஜெயித்தார், மாநிலம் வருஷத்துக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும்தான். நிலமும் கிடையாது, கட்டடமும் கிடையாது.

அப்படி வரவழைக்கப்பட்ட 25 வயது வாத்தியார்தான் புக்கர் டி. வாஷிங்டன். 1881 ஜூலை 4 அன்று பட்லர் சாப்பல் தேவாலயத்தை ஒட்டிய ஓட்டைக் குடிசையில் 30 மாணவர்களோடு வகுப்பு. மழை பெய்தால் ஒரு மாணவன் தன் பாடத்தை நிறுத்திவிட்டு வாத்தியார் தலைக்குக் குடை பிடிப்பான், அவர் மற்றவர்களிடம் பாடம் கேட்டுக்கொண்டிருப்பார். இதை அவரே எழுதியிருக்கிறார். மாமாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. "1971-ல நான் சேர்ந்த பள்ளிக்கூடமும் ஒழுகத்தான் செய்யும். ஆனா எனக்கு எவனும் குடை பிடிக்கலை" என்றார்.

வளாகத்துக்குள் பழைய கட்டடம் எதன் பக்கத்திலாவது போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கடன் வாங்கி ஒரு பாழடைந்த பருத்திப் பண்ணையை வாங்கியாயிற்று, கட்டடத்துக்குச் செங்கல் இல்லை, ஊரில் சூளையும் இல்லை. மாணவர்களே அறுக்கட்டும் என்றார் வாஷிங்டன். படிக்க வந்தவர்கள் முழங்கால் வரை சேற்றில் நின்று களிமண் மிதித்தார்கள். இதற்கா வந்தோம் என்று பலர் மூட்டையைக் கட்டினார்கள். 25,000 கல் அறுத்து வைத்த முதல் சூளை சரியாக வேகவில்லை. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது சூளை ஒரு வாரம் எரிந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் முடியும் என்றிருந்தபோது நடுராத்திரியில் சரிந்து விழுந்தது. கையில் காசில்லை. வாஷிங்டன் மான்ட்கமரிக்குப் போய்த் தன் சங்கிலிக் கடியாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்தார். அந்தக் காசில் எரிந்த நாலாவது சூளை வெந்தது. கடியாரத்தை அவர் மீட்கவே இல்லை.

இது தெரிந்துகொண்டு பார்த்தால் சுவர் வேறுமாதிரி இருக்கும். நான் சுவரில் கல்லுக்குக் கல் நிறம் மாறுவதைப் பிள்ளைகளிடம் காட்டுவேன். சில கல் கருகல், சில கல் வெளிறல். மாமா விரலால் சுண்டிப் பார்த்தார். சூளையில் நன்றாக வெந்த கல்லுக்குக் கணீரென்று சத்தம் வரும் என்பது அவர் கணக்கு. சுவரில் பதிந்த கல்லைச் சுண்டி என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. பூங்கா ஊழியர் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்த்தெடுக்காமல், தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தி ஓக்ஸ் என்பது வாஷிங்டனின் வீடு. 1899-இல் கட்டியது. மாணவர்கள் அறுத்த செங்கல், ராபர்ட் டெய்லர் போட்ட வரைபடம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் டெய்லர், 1892-இல். வளாகத்தின் பழைய கட்டடங்கள் பலவற்றுக்கும் வரைபடம் அவருடையதுதான். அவர் கட்டிய பழைய தேவாலயம் 1957-இல் எரிந்துபோய்விட்டது, இப்போது நிற்பது 1969-இல் கட்டியது.

வாஷிங்டன் சிலையை 1922-இல் வைத்தார்கள். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மேலிருந்து அறியாமைத் திரையை அவர் விலக்குவதாக அமைப்பு. எலிசன் பிற்பாடு தன் நாவலில், அந்தக் கை திரையைத் தூக்குகிறதா, இன்னும் நன்றாக இறக்கி மூடுகிறதா என்று ஒரு பாத்திரத்தைச் சந்தேகப்பட வைத்தார். சிலையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். கைத்தொழில் கற்றுக்கொள்ளுங்கள், ஓட்டுரிமைக்கு அவசரப்படாதீர்கள் என்று வாஷிங்டன் சொன்னதாக அன்றும் இன்றும் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அவர் மேல் மரியாதை அதிகம். ஆனால் சதுக்கத்தில் வரைந்த 28 பக்கத்தைப் பார்த்த பிறகு அந்தக் குறையையும் தள்ள முடியவில்லை.

கார்வரும் கரிசலும்

கோவில்பட்டிக்காரரோடு போனால் இங்கேதான் நேரம் போகும், மதியச் சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுங்கள். கார்வர் அருங்காட்சியகம் பழைய சலவைக் கூடத்தில் இருக்கிறது. கார்வர் 1896-இல் அயோவாவிலிருந்து வந்தார், 1943 ஜனவரி 5 அன்று சாகும்வரை இங்கேயே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அலபாமாவின் குறுக்கே கறுத்த மண் பட்டை ஒன்று ஓடுகிறது, பிளாக் பெல்ட் என்பார்கள். டஸ்கீகி அதன் ஓரம். கார் ஜன்னல் வழியாகப் பார்த்தே மாமா சொல்லிவிட்டார்: "ஏ தாயி, இது நம்ம கரிசலு மாதிரில்லா இருக்கு." வருஷா வருஷம் பருத்தி, பருத்தி, பருத்தி. மண் செத்துப்போனது. போதாததற்குப் பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு 1910 வாக்கில் அலபாமாவுக்குள் வந்தது. நிலம் குத்தகைக்காரனுடையதில்லை, கடனோ அவன் தலையில்.

கார்வர் சொன்ன மருந்து நம்மூர்ச் சம்சாரிக்குப் புதிதில்லை. தட்டாம்பயறு போடு, கடலை போடு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு போடு. பயறும் கடலையும் வேர்முடிச்சில் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். சரி, கடலை விளைந்தால் யார் வாங்குவது? அதற்குத்தான் 1916-இல் கடலை பயிரிடும் முறையும் அதைச் சமைக்க 105 வழிகளும் போட்டு ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு? 1906-லேயே ஒரு குதிரை வண்டியில் ஏரும் விதையும் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள், ஜெசப் வண்டி என்று பெயர். வேளாண் துறை ஜீப் வந்து சந்தைத் திடலில் நிற்குமே, அதற்கு மூத்தது.

கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று பிள்ளைகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்திருப்பார்கள். அது தப்பு. அதுபோன்ற ஒரு பசைக்குக் கனடாக்காரர் ஒருவர் 1884-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கார்வர் செய்தது அதைவிடப் பெரிய வேலை, அதைச் சொல்லிக்கொடுங்கள்.

தேவாலயத்தை ஒட்டிய சின்ன இடுகாட்டில் வாஷிங்டனும் கார்வரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். கார்வரின் கல்லில் இருப்பதைப் படியுங்கள். புகழோடு செல்வமும் சேர்த்திருக்கலாம், இரண்டையும் நாடாமல் உலகத்துக்கு உதவியாக இருப்பதில் மகிழ்ந்தார் என்ற பொருளில் எழுதியிருக்கும்.

கேட்கக் கூடாத முதல் கேள்வி

டஸ்கீகி என்றதும் மருத்துவம் படித்தவர்களுக்கு அந்த மேகநோய் (சிபிலிஸ்) ஆய்வுதான் நினைவுக்கு வரும். என் நான்காவது பயணத்தில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாவிடம் வணக்கம் சொன்ன கையோடு அதைக் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அது அரசாங்கத்தின் ஆய்வு, எங்கள் ஊரின் ஆய்வு இல்லை" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் சொன்னது சரி. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை நடத்திய ஆய்வு அது. மேக்கன் கவுண்டிக் கறுப்பின ஆண்கள் 600 பேர், அதில் நோய் இருந்தவர்கள் 399, இல்லாதவர்கள் 201. ஊசி போட்டு நோயை ஏற்றினார்கள் என்று பரவலாகச் சொல்வது உண்மையில்லை. ஏற்கெனவே இருந்த நோய்க்கு, கெட்ட ரத்தம் என்று மட்டும் சொல்லி, வைத்தியம் பார்ப்பதுபோல் நடித்து, வைத்தியம் பார்க்காமலே விட்டார்கள். பெனிசிலின் வந்து எல்லா ஊரிலும் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. இலவசப் பரிசோதனை, சாப்பாடு, செத்தால் அடக்கச் செலவு. 1972 ஜூலையில் பத்திரிகையில் வந்த பிறகுதான் நின்றது. இங்கேயும் வழக்குப் போட்டவர் ஃப்ரெட் கிரேதான். 1997 மே 16 அன்று அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

இங்கே பெரியவர்களிடம் பேச ஒரு முறை இருக்கிறது. ஐயா, அம்மா என்கிற இடத்தில் சார், மேம் கட்டாயம். முதலில் எந்தச் சர்ச் என்று கேளுங்கள், அப்புறம் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேளுங்கள். பள்ளியைக் கேட்டால் கதை தானாக வரும். நம்மூரில் "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்பது மாதிரிதான். நேரம் இருந்தால் பக்கத்து நோட்டசல்காவில் ஷைலோ தேவாலயத்துக்குப் போய் வாருங்கள். அந்த ஆய்வுக்கு ஆள் சேர்த்த இடங்களில் அதுவும் ஒன்று, ஆய்வில் இருந்தவர்கள் சிலர் அதன் இடுகாட்டில் இருக்கிறார்கள். அங்கே சத்தம் போடாமல் நடங்கள், படம் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியில் விமானம்

இப்போது மோட்டன் ஃபீல்டுக்குப் போகலாம். வாஷிங்டனுக்குப் பின் வந்த முதல்வர் ராபர்ட் மோட்டனின் பெயர். கறுப்பினத்தவருக்கு விமானம் ஓட்ட வராது என்று ராணுவம் நம்பிக்கொண்டிருந்த காலம். 1941 மார்ச்சில் அதிபரின் மனைவி எலினார் ரூசவெல்ட் டஸ்கீகிக்கு வந்து, சீஃப் ஆண்டர்சன் என்ற கறுப்பின விமானி ஓட்டிய விமானத்தில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வந்தார். கூட வந்த பாதுகாவலர்கள் பதறினார்கள். இந்தத் திடலைக் கட்ட ரோசன்வால்ட் நிதியம் 175,000 டாலர் கடன் கொடுத்தது. அந்த நிதியத்தை நிறுவிய ரோசன்வால்ட்தான் வாஷிங்டனோடு சேர்ந்து தென்மாநிலக் கிராமங்களில் சுமார் 5,000 கறுப்பினப் பள்ளிக்கூடங்கள் எழும்பக் காரணமானவர், முதல் ஆறு பள்ளிகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில். செங்கல் அறுத்த ஊருக்குத்தான் ரன்வே வந்தது, அதனால்தான் இதைக் கடைசியில் பார்க்கச் சொன்னேன்.

1942 மார்ச் 7 அன்று ஐந்து பேர் முதலில் தேறினார்கள். மொத்தம் 992 விமானிகள். தாங்கள் பாதுகாப்புக்குத் துணை போன குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றைக்கூட அவர்கள் இழக்கவில்லை என்று சொல்வார்கள், பிள்ளைகளுக்கும் அப்படியே ஒப்பிப்பார்கள். ஆவணங்களைத் தோண்டிய வரலாற்றாளர் 25-க்கு மேல் இழந்ததைக் காட்டிவிட்டார். மற்றப் படைகளின் இழப்போடு பார்த்தால் அதுவே குறைவுதான். இருக்கிற பெருமை போதும்.

இன்னும் தோண்ட ஆசையிருந்தால்

இது எல்லாருக்கும் வேண்டாம். எனக்கு இந்தப் பைத்தியம் உண்டு. தென்மாநிலச் சின்ன ஊர் எதற்கும் இது பொருந்தும். கோர்ட்டில் உயில், சொத்துப் பதிவேடு வைத்திருக்கும் அலுவலகத்தை விசாரியுங்கள். 1865-க்கு முந்தைய சொத்துப் பட்டியல்களில் கட்டில், கோவேறுகழுதை, கலப்பை வரிசையில் மனிதர்களின் முதல் பெயரும் எதிரே டாலரும் இருக்கும். மக்கள்தொகைக் கணக்கில் 1850, 1860 இரண்டிலும் அடிமைகளுக்குப் பெயரே கிடையாது, முதலாளி பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் நிறமும்தான். 1870 கணக்கில்தான் பெயரோடு வருகிறார்கள். அதனால் ஒரு கறுப்பினக் குடும்பத்தைத் தேடுகிறவர்கள் 1870-இல் சுவரில் முட்டிக்கொள்வார்கள். 1890 கணக்கு பெரும்பாலும் தீயில் போய்விட்டது, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு கணக்கும் 72 வருஷம் கழித்துத்தான் பொதுவுக்கு வரும், இப்போதைக்கு 1950 வரை பார்க்கலாம்.

மன்ரோ வொர்க் என்ற பெயரையும் ஐந்தாவது கட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1908 முதல் இந்த வளாகத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கத்தரித்து அடுக்கியவர். நாடெங்கும் கும்பல் கொலைகள் எத்தனை நடந்தன என்பதற்கான முக்கியக் கணக்குகளில் ஒன்று அந்தக் கத்தரிக்கோலிலிருந்து வந்தது. சிலை எதுவும் என் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் அவித்த கடலை விற்றார்கள். இந்தத் தென்பக்கத்தில் அது வழக்கம், தொலியோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் கொதிக்கும். மாமா ஒரு பொட்டலம் வாங்கச் சொன்னார். இரண்டு உரித்து வாயில் போட்டார். "உப்பு கூட. கடலை பழுது இல்லை" என்றார். தொலியைக் கீழே போடாமல் இருக்க அந்தப் பெட்ரோல் ரசீதை எடுத்து மடியில் விரிக்கப் போனவர், பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வேற தாளு இருந்தாக் குடு தாயி" என்று கையை நீட்டினார்.